சூயசுக் கரையில் ஒரு நடுகல்

போரில் பட்ட வீரனுக்குக் கல்லெடுக்கும் மரபினைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. தக்க கல்லைத் தேர்ந்து காண்பது காட்சி. அதனைக் கொணரத் தொடங்குவது கால்கோள். நீரிலிட்டுத் தூய்மை செய்வது நீர்ப்படை. உரிய இடத்தில் நிறுத்துவது நடுதல். படையலிட்டுச் சிறப்புச் செய்வது பெரும்படை. இவற்றின் நிறைவாக அமைவது வாழ்த்து. இவ்வாறனுள் முதல் ஐந்தும் கையால் நிகழ்பவை. ஆறாவது ஒன்றே சொல்லால் நிகழ்வது. கல்தச்சனும் ஊராரும் தம் கடனை முடித்த பின்னர் பாடுவோன் கடன் தொடங்குகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைக் கண்டவர்கள் இம்மரபின் இயல்பை நன்கறிவர். அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும். எனினும் கல் அரசனுக்குரியதன்று. ஆநிரை மீட்டு வீழ்ந்தவன் இன்னான், இன்னாருடைய சேவகன் என்பதே அக்கல்லின் உயிர். தலைவனோடு கள்வரை எதிர்த்த நாயொன்றின் பெயரும் எடுத்தனூர்க் கல்லில் இடம்பெற்றுள்ளது. வீழ்ந்தவனை அறிந்த ஊரார், அவன் நடந்த மண்ணில், அவன் மொழியில் எழுப்பியவை அக்கற்கள்.

வீழ்ந்தவனை அறியாதோர், அவனுக்கு அயலான மண்ணில், அவன் உறவினர் ஒருநாளும் சென்று காண இயலாத கடற்கரையில் ஒரு கல்லை எழுப்பினால் அது நடுகல் ஆகுமா? இவ்வினாவை எழுப்பி நின்ற தூண் ஒன்று எகிப்து நாட்டின் சூயசு நகரையடுத்த போர்ட் தௌபீக் என்னும் துறையில் இருந்தது. அதன் வரலாறு இந்தியர் பலரும் அறியாதது; அறியத்தக்கது.

கால்வாயும் களமும்

செங்கடலையும் நடுநிலக் கடலையும் இணைக்கும் சூயசுக் கால்வாய் 1869 நவம்பர் 17 அன்று திறக்கப்பட்டது. அதன் தென்வாயிலில், கடலும் கால்வாயும் கூடும் இடத்தில் அமைந்த சிறு துறை, எகிப்தை 1879 முதல் 1892 வரை ஆண்ட தௌபீக் பெயரால் வழங்கலாயிற்று. இந்தியாவிலிருந்து ஐரோப்பா செல்லும் கப்பல்கள் யாவும் அத்துறையைக் கடந்தே கால்வாய்க்குள் புகுந்தன. 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து ‘நெவாசா’ கப்பலில் புறப்பட்ட கணித மேதை இராமானுஜன் சென்றதும் இவ்வழியே.

அவர் சென்ற சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளின் மீது குண்டு வீசியதைத் தமிழகம் இன்றும் மறக்கவில்லை. ‘எம்டன்’ என்பது பேச்சுவழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஆனால் அதே போரில் அதே ஆண்டில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிச் சென்றோரின் நினைவு அவ்வாறு நிலைக்கவில்லை.

துருக்கியப் பேரரசு செருமனியின் பக்கம் சேர்ந்ததும் சூயசுக் கால்வாய் போர்முனையாயிற்று. அதனைக் காக்க முதலில் நிறுத்தப்பட்டோருள் பெரும்பான்மையினர் இந்தியப் படையினரே. 1914 நவம்பரில் சினாய்ப் பாலைவனத்தில் பிக்கானீர் ஒட்டகப் படையினர் துருக்கியரோடு மோதினர். 1915 பிப்ரவரி 3ஆம் நாள் விடியுமுன் ஜெமால் பாஷாவின் படையினர், பாலைநிலத்தைக் கடந்து சுமந்து வந்த படகுகளைக் கால்வாயில் இறக்கினர். சில படகுகளே மறுகரையை எட்டின. அத்தாக்குதல் முறியடிக்கப்பட்டது.

பின்னர்ப் போர் பாலத்தீனத்துக்கு நகர்ந்தது. 1917இல் காசாவும், அவ்வாண்டு டிசம்பரில் எருசலேமும் பிரித்தானியர் வசமாயின. 1918 வசந்தத்தில் பிரான்சில் செருமானியர் பெருந்தாக்குதல் தொடுத்தபோது, தளபதி அலன்பியின் படையிலிருந்த பிரித்தானியப் பிரிவுகள் பல அங்கு மாற்றப்பட்டன. அவற்றின் இடத்தை இந்தியப் பிரிவுகள் நிரப்பின. 1918 செப்டம்பர் 23 அன்று ஹைபா நகரை ஜோத்பூர், மைசூர்க் குதிரைப்படையினர் ஈட்டியேந்திச் சென்று கைப்பற்றினர். எந்திரத் துப்பாக்கிகள் மலிந்த ஒரு போரில் குதிரையும் ஈட்டியும் வென்ற அரிய நிகழ்ச்சி அது.

இவ்வீரர்தம் நிலையில் ஓர் இரங்கத்தக்க முரண் இருந்தது. அவர்கள் காத்தது தம் நாட்டை அன்று. தம் நாட்டை ஆண்டவர்களின் கடல்வழியை. இசுலாமிய வீரர்க்கோ துன்பம் இரட்டித்தது. தம் சமயத்தார் கலீபாவாக மதித்த சுல்தானின் படையே அவர்களுக்கு எதிரில் நின்றது. ஊதியத்துக்கும் உண்ட உப்புக்கும் குடிப்பெருமைக்குமாகப் போருக்குச் சென்றோரை அடிமை மனத்தினர் என இகழ்வதும் எளிது. தியாகிகள் எனப் புகழ்வதும் எளிது. இரண்டும் முழு உண்மையல்ல.

கல்லறை இல்லாதோர்

1917 மே மாதத்தில் பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம் நிறுவப்பட்டது. இறந்தோர் ஒவ்வொருவரும் தனித்தனியே பெயரால் நினைவுகூரப்பட வேண்டும். பதவி, இனம், சமயம் பற்றிய வேறுபாடு கூடாது என்பது அவ்வாணையத்தின் கொள்கை. கல்லறை உள்ளோர்க்குப் பெயர் பொறித்த தலைக்கல். கல்லறை அறியப்படாதோர்க்குப் பொது நினைவுச் சின்னம் என்பது நடைமுறை.

இந்த ‘அறியப்பட்ட கல்லறை இல்லாதோர்’ என்னும் தொடர் நின்று எண்ணத்தக்கது. ஐரோப்பிய வீரனைப் பொறுத்தவரை அது உடல் கிடைக்காமல் போனதைக் குறிக்கும். இந்து, சீக்கிய வீரர்க்கோ பலவேளைகளில் அது வேறு பொருள் தரும். உடல் கிடைத்தது, தோழர்கள் முறைப்படி எரியூட்டினர், ஆகவே கல்லறை இல்லை. இறந்தோரைப் புதைப்பவர்களின் சொல்லகராதியில், எரிக்கப்பட்டவன் ‘காணாமற் போனவன்’ ஆனான்.

ரிசால்தார் பத்லு சிங்கின் வரலாறு இதற்குச் சான்று. இன்றைய அரியானா மாநிலத்தைச் சேர்ந்த தாக்லா சிற்றூரில் பிறந்தவர் அவர். ஹைபா வீழ்ந்த அதே 1918 செப்டம்பர் 23 அன்று, யோர்தான் ஆற்றின் மேற்குக் கரையில் எதிரியின் நிலையை நோக்கி அவருடைய குதிரைப்படைப் பிரிவு முன்னேறியது. இடப்பக்கக் குன்றொன்றில் எந்திரத் துப்பாக்கிகளோடும் ஏறத்தாழ 200 காலாட்களோடும் நின்ற எதிரிகளால் அப்பிரிவு பெரும் இழப்புக்குள்ளாகியது. அதனைக் கண்ட பத்லு சிங் அறுவரை உடனழைத்துக்கொண்டு குன்றின்மேல் பாய்ந்தார். துப்பாக்கி ஒன்றைத் தனியொருவராகக் கைப்பற்றும்போது உயிர்நிலையில் புண்பட்டார். எனினும் அவர் உயிர் பிரியுமுன் குன்றிலிருந்தோர் யாவரும் பணிந்தனர். அவருக்கு விக்டோரியா சிலுவை என்னும் உயர்விருது வழங்கப்பெற்றது. வீழ்ந்த இடத்தருகே அவர் உடல் எரியூட்டப்பட்டது. கல்லறையில்லை, ஆகவே அவர் நினைவும் இப்பொதுச் சின்னத்துக்கு உரியதாயிற்று.

எகிப்திலும் பாலத்தீனத்திலும் இறந்து, அறியப்பட்ட கல்லறை இல்லாத இந்தியப் படையினர் ஏறத்தாழ 4,000 பேர். இவர்களுக்கென எழுப்பப்பட்டதே போர்ட் தௌபீக் நினைவுத் தூண். 1926இல் அது திறந்துவைக்கப்பட்டது.

தூணின் வடிவம்

தூணை வடிவமைத்தவர் கிளாஸ்கோ நகரக் கட்டடக்கலைஞர் சர் ஜான் பர்னெட். அவர் தேர்ந்த வடிவம் ஐரோப்பியர் ஒபெலிஸ்க் என வழங்கும் நாற்பட்டைத் தூண்: நான்கு முகமாக எழுந்து, மேற்செல்லச் செல்லக் குறுகி, உச்சியில் சிறு கூம்பாய் முடிவது. ஒபெலிஸ்க் என்பது சிறு கம்பி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. பெயர் கிரேக்கருடையதாயினும் வடிவம் எகிப்தியருடையது. கதிரவனை வழிபட்ட ஹீலியோபொலிஸ் நகரே அதன் தாயகம். முதலாம் செனுஸ்ரெத் மன்னன் நிறுத்திய செங்கருங்கல் தூண், ஏறத்தாழ 3,900 ஆண்டுகள் கழிந்தும், இன்றைய கெய்ரோவின் பகுதியாகிவிட்ட அவ்விடத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

எகிப்தை வென்றவர்கள் இத்தூண்களைப் பெயர்த்துக்கொண்டு சென்றனர். உரோமர் கொண்டுசென்றனர், பின்னர்ப் பாரிசும் இலண்டனும் நியூயார்க்கும் ஒவ்வொன்றைப் பெற்றன. 1878இல் இலண்டனில் தேம்சுக் கரையில் நிறுத்தப்பட்ட தூணும் முதலில் ஹீலியோபொலிசில் மூன்றாம் துத்மோசு மன்னனால் எழுப்பப்பட்டதே. அதனைக் கடல்வழி கொணர்ந்தபோது பிஸ்கே வளைகுடாப் புயலில் மாலுமிகள் அறுவர் மாண்டனர். மன்னனின் புகழெழுத்துகள் மேலே விளங்கும் அத்தூணின் அடியில் அவ்வறுவர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. மேலுள்ள எழுத்தைப் படிக்கவல்லோர் மிகச் சிலர். கீழுள்ள பெயர்களை வழிச்செல்வோர் எவரும் படிக்கலாம்.

எகிப்திலிருந்து வெளியேறிய வடிவம் 1926இல் எகிப்துக்கே திரும்பியது: ஆங்கிலப் பேரரசின் செலவில், இந்திய வீரர்களின் பொருட்டு. வடிவத் தேர்வில் ஒரு பொருத்தமும் உண்டு. இறந்தோருள் இந்துக்கள், சீக்கியர், இசுலாமியர் எனப் பல சமயத்தார் இருந்தனர். சிலுவை அவர்க்குப் பொருந்தாது. நாற்பட்டைத் தூணோ அவர்களுள் எவருடைய சமயத்துக்கும் உரியதன்று, எவர்க்கும் பகையன்று.

புலிகளும் அரசனும்

தூணின் அடியில் இருபுறமும் பதுங்கிச் சீறும் இரண்டு புலிகள் அமைக்கப்பட்டன. இந்தியப் படையின் மறத்தைக் குறித்து நின்ற அவற்றை வடித்தவர் சார்லஸ் சார்ஜெண்ட் ஜாகர். இவர் போரைத் தொலைவிலிருந்து பார்த்தவரல்லர். 1915இல் கல்லிப்போலிப் போர்முனையில் புண்பட்டவர். பின்னர் மேற்கு முனையிலும் புண்பட்டவர். இலண்டன் ஹைட் பூங்காவருகே 1925இல் திறக்கப்பட்ட பீரங்கிப்படை நினைவகத்தில், மேலங்கி போர்த்திக் கிடக்கும் பிணமொன்றை வெண்கலத்தில் வடித்துக் காண்போரைத் திடுக்கிடச் செய்தவர் இவரே. போருக்கு அழகு பூசாதவர் அவர்.

அவர் கை இந்தியாவிலும் ஒரு தடம் பதித்தது. இந்திய வாயில் என வழங்கும் தில்லிப் போர் நினைவகத்தை வடிவமைத்தவர் சர் எட்வின் லட்டியன்ஸ். 1921இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1931இல் அது திறக்கப்பட்டது. 13,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதன் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் எதிரிலுள்ள மண்டபத்தில் 1936இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னனின் பெருஞ்சிலை வைக்கப்பட்டது. அச்சிலை ஜாகர் தொடங்கியது. 1934இல் அவர் மறைந்தபின் உதவியாளர் முடித்தது.

ஆகவே ஒரே சிற்பியின் கையில் இரண்டு காவல்கள் உருவாயின: தில்லியில் பெயர்களுக்கு எதிரே அரசன், சூயசில் வீரர்தம் தூணுக்கு அடியில் புலிகள். இரண்டின் பிற்கால வரலாறும் ஒப்பிடத்தக்கது.

தூண் வீழ்ந்த கதை

தூண் எழுந்த காலத்திலேயே அதனைச் சூழ்ந்த உலகம் மாறத் தொடங்கியிருந்தது. இந்தியாவில் 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்துவிட்டது. ஒத்துழையாமை இயக்கம் ஒருமுறை எழுந்து தணிந்திருந்தது. எகிப்திலும் 1919இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1922இல் அந்நாட்டுக்குப் பெயரளவிலான விடுதலை தரப்பட்டது. 1931இல் வட்டமேசை மாநாட்டுக்காக ‘ராஜபுதனா’ கப்பலில் சென்ற காந்தியடிகள் இக்கால்வாயைக் கடந்தார். பேரரசைக் காத்து மடிந்தோரின் தூணும், பேரரசோடு வாதிடச் சென்ற அண்ணலின் கப்பலும் ஒரே நீர்வழியில் எதிர்ப்பட்டன.

எகிப்தியர் பார்வையில் அத்தூண் எத்தகையதாயிருந்திருக்கும் என்பதும் நினைக்கத்தக்கது. அதே போரில் தொழிலாளர் படையிலும் ஒட்டகப் போக்குவரத்துப் படையிலும் எகிப்தியர் லட்சக்கணக்கில் ஈடுபடுத்தப்பட்டனர். பாலைவனத்தில் இருப்புப்பாதையும் குடிநீர்க் குழாயும் அமைத்தவர்கள் அவர்கள். அவர்களுள் மாண்டோரின் பெயர்கள் எக்கல்லிலும் முறையாக ஏறவில்லை.

1956 சூலை 26 அன்று அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அவ்வாண்டு டிசம்பரில், கால்வாயின் வடவாயிலான போர்ட் சயீதில் நின்ற லெசெப்சின் சிலையை எகிப்தியர் வெடிவைத்துத் தகர்த்தனர். தென்வாயிலின் தூணோ அவர்கள் சினத்துக்கு இரையாகவில்லை. அதற்கு வேறு முடிவு காத்திருந்தது.

1967 சூன் மாதப் போரில் இசுரேல் சினாயைக் கைப்பற்றியது. கால்வாயின் கிழக்குக் கரையில் ஒரு படை, மேற்குக் கரையில் மறுபடை என நேருக்கு நேர் நின்றன. கால்வாய் மூடப்பட்டது. சூயசு நகர மக்கள் வெளியேற்றப்பட்டனர். பீரங்கிக் குண்டுகள் இருகரையிலும் விழுந்தவண்ணம் இருந்தன. 1973 அக்டோபரில் மீண்டும் பெரும்போர் மூண்டது. 1975 சூன் 5 அன்று கால்வாய் மறுபடி திறக்கப்பட்டபோது, 1967க்கு முன் அக்கரையில் இருந்தவற்றுள் பலவும் இடிபாடாகியிருந்தன. இவ்வாண்டுகளின் போர்களில் சிதைந்த நினைவுத் தூண் பின்னர் முற்றிலும் அகற்றப்பட்டது. முதற்போரில் மடிந்தோர்க்கு எழுப்பிய கல், தமக்குத் தொடர்பற்ற இருவர் போரில் மடிந்தது.

தில்லியின் அரசனும் நெடுநாள் நிற்கவில்லை. சூயசுக் கரையில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1968இல், ஐந்தாம் ஜார்ஜின் சிலை மண்டபத்திலிருந்து அகற்றப்பட்டு நகரின் வடபுறப் பூங்காவொன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் வெறுமையாயிருந்த அம்மண்டபத்தில் 2022 செப்டம்பர் 8 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போசின் சிலை நிறுவப்பட்டது. அரசன் சென்றான், அவனை எதிர்த்துப் படைதிரட்டியவர் வந்தார். எதிரிலிருந்த சுவரின் பெயர்களை எவரும் தொடவில்லை.

பெயரின் நிலைபேறு

தூண் வீழ்ந்தபின் ஆணையம் செய்தது எளியதொரு செயல். தூண் அழியினும் பெயர்ப்பதிவேடு அழியவில்லை. எனவே அந்நினைவினைக் கெய்ரோவின் ஹீலியோபொலிஸ் பகுதியிலுள்ள போர்க்கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினர். 1980 அக்டோபரில், எகிப்துக்கான இந்தியத் தூதர் அப்புதிய நினைவகத்தைத் திறந்துவைத்தார். பத்லு சிங் இன்று நினைவுகூரப்படுவது அங்கேதான். நாற்பட்டைத் தூண் என்னும் வடிவம் பிறந்த ஹீலியோபொலிசின் பெயர் தாங்கிய பகுதிக்கே, தூணை இழந்த வீரர்களும் வந்து சேர்ந்தனர். அங்கே தூணும் இல்லை, புலிகளும் இல்லை.

திறந்துவைத்தவர் யார் என்பது இங்கு முதன்மையானது. முதல் தூணை எழுப்பியது பேரரசு. இரண்டாவதைத் திறந்தவர் விடுதலை பெற்ற குடியரசின் தூதர். எந்தக் கொடிக்காக அவர்கள் மடிந்தனரோ அக்கொடி இறக்கப்பட்டு முப்பத்து மூன்றாண்டுகள் சென்றபின், அவர்கள் எந்த மண்ணில் பிறந்தனரோ அம்மண் அவர்களை ஏற்றுக்கொண்டது. அவர்களுடைய போர் எவருடையது என்ற வழக்கு அதனால் முடிந்துவிடவில்லை. ஆனால் அவர்கள் எவருடையவர் என்ற வழக்கு முடிந்தது.

இருப்பினும் எல்லார்க்கும் இவ்வாய்ப்புக் கிட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஈராக்கின் பாசுரா நினைவகத்தில் இந்திய அலுவலர் பெயர்கள் பொறிக்கப்பட்டன. சாதாரணப் படைவீரர்களோ படைப்பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கையாக நின்றனர். 2021 ஏப்ரலில் ஆணையமே வெளியிட்ட அறிக்கை இக்குறையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. இந்தியரும் ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாக 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது மதிப்பிட்டது. எவர்க்கும் வேறுபாடில்லை என்ற கொள்கை கல்லுக்கு வரும்போது ஆளுக்கேற்ப மாறியிருந்தது.

செங்கத்துக் கல்தச்சன் நாயின் பெயரையும் விடாமல் வெட்டினான். அவனுக்கு வீழ்ந்தோரைத் தெரியும். அதனால் எண்ணிக்கை அவனுக்குப் போதவில்லை. பெரும்பேரரசின் ஏடுகளோ பல்லாயிரவரை எண்ணிக்கையாக்கி அமைந்தன. நடுகல்லையும் வெற்றித்தூணையும் பிரிக்கும் கோடு கல்லின் உயரத்தில் இல்லை, வேலைப்பாட்டிலும் இல்லை, வீழ்ந்தவனை இன்னான் என்று சொல்கிறதா என்பதிலேயே உள்ளது. அவ்வகையில் போர்ட் தௌபீக் தூண், நின்றபோது பேரரசின் தூணாக நின்று, வீழ்ந்து பெயராக மட்டும் எஞ்சியபோதே நடுகல் ஆயிற்று எனலாம்.

தொல்காப்பியர் வகுத்த ஆறனுள், அவ்வீரர்க்குக் கல் காணப்பட்டது, கொணரப்பட்டது, நடப்பட்டது. மலர்வளையம் என்னும் பெரும்படையும் ஆண்டுதோறும் நிகழக்கூடும். பஞ்சாபின் சிற்றூர்களிலும் மைசூர், ஐதராபாத்துச் சீமைகளிலும் பிறந்து, ஒட்டகத்தின் நிழலிலும் ஆற்றங்கரைக் குன்றிலும் வீழ்ந்து, அயல் மண்ணில் சாம்பலான அந்த நாலாயிரவர்க்கு ஆறாம் நிலை ஒன்றே இன்னும் எஞ்சியிருக்கிறது. அது ஆணையத்தால் ஆகக்கூடியதன்று. தூதரால் ஆகக்கூடியதும் அன்று. சொல்லை ஆள்வோரிடம் அது காத்திருக்கிறது.